பத்தியின் முதல் வரி

கட்டுரைத்தாள் திருத்தும்போது என் கண் முதலில் போவது ஒவ்வொரு பத்தியின் தொடக்க வரிக்குத்தான். பத்தி எதைப் பற்றியது என்று அது சொல்கிறதா? இந்த எதிர்பார்ப்பை ஆங்கிலப் பாடநூலில் விதியாக வகுத்தவர் அலெக்சாண்டர் பெயின்.

1818இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நெசவாளியின் மகனாகப் பிறந்தார். 11 வயதில் பள்ளிப்படிப்பு நின்றது, தறியில் உட்கார்ந்தார். வேலைக்கிடையே தானாகவே படித்து, 1836இல் மாரிஷல் கல்லூரியில் சேர்ந்தார். அந்த உழைப்பை நினைத்தாலே எனக்கு அவர்மீது தனி மரியாதை. 1860இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கப் பேராசிரியரானார். ஆங்கிலமும் அவர் பொறுப்பில்தான் வந்தது.

அங்கே மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தோடு 1866இல் ஆங்கிலக் கட்டுரை, அணியியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் பத்திக்கு 6 விதிகள். முதல் வாக்கியம் பொருளைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அவரே ஒரு விலக்கும் தந்திருக்கிறார்: அந்த வாக்கியம் வெறும் முன்னோட்டம் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் பொருள் பின்னால் வரலாம். விதியை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்புகளில் இந்த விலக்கு காதில் விழுவதே இல்லை.

1974இல் ரிச்சர்ட் பிராடாக் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதழ்களில் வெளியான 25 கட்டுரைகளை வரிவரியாக ஆராய்ந்தார். விளக்கப் பத்திகளில் சுமார் 13 சதவீதமே பொருள் வாக்கியத்தோடு தொடங்கியிருந்தன. கைதேர்ந்த எழுத்தாளர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆசிரியர்களே, விதியைக் கற்றுக்கொடுங்கள்; பெயினின் விலக்கையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.