பியர் குழாயில் நுரை: முந்நூறு ஆண்டுப் பழைய வழக்கு

ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில், விருந்து நாட்களில் சமையலறை மேசைமீது ஒரு சிறிய இயந்திரம் இடம்பிடித்துக் கொள்கிறது. உள்ளே பியர் பீப்பாய், முன்னால் ஒரு குழாய். குவளையைப் பிடித்துக் குழாயைத் திறந்தால் முக்கால் குவளை நுரையும் கால் குவளை பியருமாக வந்து சேரும். வீட்டுக்காரர் இயந்திரத்தைத் திட்டுவார். தனியான வாயுச் சிலிண்டர் பொருத்திய அமைப்பானால், சீராக்கியைத் திருகி அமுக்கத்தைக் குறைப்பார். நுரை குறையாது, சிலவேளை இன்னும் கூடும்.

இந்த வழக்கு நேற்றுத் தொடங்கியதல்ல. நிலவறைக்கும் குவளைக்கும் இடையே 300 ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்து வருகிறது. அதன் வரலாறு தெரிந்தால் திருகாணியைத் தொடுவதற்கு முன் கை சற்றுத் தயங்கும் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலேய மதுச்சாலைகளில் பீப்பாய்கள் குளிர்ச்சிக்காக நிலவறையில் கிடந்தன. பணியாள் சாடியுடன் படியிறங்கிப் போய் நிரப்பிக்கொண்டு ஏறிவர வேண்டும். இந்தச் சிரமத்துக்கு மாற்றுத் தேடியவர்களுள் ஒருவர், லண்டனில் குடியேறித் தீயணைப்பு இயந்திரங்கள் செய்துவந்த ஜோன் லொஃப்ரிங் என்ற ஒல்லாந்தர். நெருப்பின்மீது நீரைப் பீய்ச்சும் பம்பியை அறிந்தவருக்குப் பியரை இறைக்கும் யோசனை தோன்றியதில் வியப்பில்லை. 1691 அளவில் அவர் பியரை இறைக்கும் பொறியொன்றை முன்வைத்தார். அடுத்த பெயர் ஜோசப் பிராமா. நீரடித்துச் சுத்தம் செய்யும் மலசலகூடத்துக்கு 1778இலும், பிரசித்தி பெற்ற பூட்டுக்கு 1784இலும், நீரியல் அழுத்தப் பொறிக்கு 1795இலும் காப்புரிமை பெற்ற அதே மனிதர், 1797இல் பியரை மேலேற்றும் ஏற்பாட்டுக்கும் காப்புரிமை பெற்றார். மலசலகூடத்தையும் மதுச்சாலையையும் ஒரே மூளை கவனித்துக் கொண்டது ஒருவகைப் பொருத்தந்தான்.

கைப்பிடியை இழுத்தால் பியர் மேலே வந்தது. ஆனால் இரண்டு புதிய தொல்லைகளும் கூடவே வந்தன. வெளியேறிய பியரின் இடத்தைக் காற்று பிடித்துக் கொண்டதால் பீப்பாய் சில நாட்களிலேயே புளித்தது. மற்றது கொடியது. வளைப்பதற்கு எளிதென்பதால் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள். பியர் அமிலத்தன்மை உடையது. இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்ற பியர் ஈயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொண்டது. விடிந்ததும் முதற் குவளையைக் குடிப்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் வழியில் நுழைந்த தொழிலாளி. மனச்சாட்சியுள்ள கடைக்காரர் அந்த முதற் பியரைக் கொட்டிவிடுவார். கஞ்சன் அதற்கும் காசு வாங்குவான். குடித்தவனுக்குத் தெரிந்தது வயிற்று வலி மட்டுமே, காரணம் தெரியாது. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதுபற்றி எச்சரித்திருக்கிறார்கள். இன்று வீட்டு இயந்திரங்களின் குழாய்கள் பிளாஸ்ரிக்கும் துருவேறா உருக்குமாக இருக்கின்றன. ஆயினும் இரவு முழுதும் நின்ற முதல் மடக்கைக் கொட்டிவிடும் பழக்கம் இன்றும் நல்லதே. சுவைக்காக மட்டுமன்று, வெளியே நிற்கும் குழாய்வாய் சூடாகி இருப்பதால் முதற் குவளை நுரைத்தே தீரும்.

நுரையின் இரகசியத்துக்கு வருவோம். 1767இல் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த மதகுரு ஜோசப் பிரீஸ்ற்லியின் வீட்டுக்கு அருகில் ஒரு வடிசாலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின்மேல் படிந்து கிடந்த வாயுவில் எரியும் திரியைப் பிடித்தால் அணைந்து போவதை அவர் அங்கே ஆராய்ந்தார். அந்த வாயுவை நீரில் கரைக்கும் முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். இன்றைய சோடாவின் தொடக்கம் அதுவே. அவ்வாயுவை நாம் காபனீரொட்சைட்டு என்கிறோம். 1803இல் மன்செஸ்டர்க்காரரான வில்லியம் ஹென்றி, திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன்மீதுள்ள அமுக்கத்துக்கு விகிதசமமானது என்று காட்டினார். திரவம் குளிர்ந்திருந்தால் வாயு கூடுதலாகக் கரையும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொண்டால், வீட்டுக்காரரின் பிழை எங்கே என்பது விளங்கிவிடும்.

சாதாரண லாகர் வகைப் பியர், தன் கனவளவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறது. 3 பாகை செல்சியஸில் அதனை அடக்கி வைக்கச் சதுர அங்குலத்துக்கு 11 அல்லது 12 இறாத்தல் அமுக்கம் போதும். அதே பியர் 10 பாகைக்குச் சூடேறினால் 18 இறாத்தல் அளவில் தேவைப்படும். நுரைக்கிறதே என்று அமுக்கத்தைக் குறைப்பவர், வாயுவைப் பிடித்திருந்த கையைத் தளர்த்துகிறார். குவளையில் பிரிய வேண்டிய வாயு குழாய்க்குள்ளேயே பிரிந்து குமிழாகிறது. சில நாள் இப்படியே விட்டால் பீப்பாயில் மிஞ்சுவது சப்பென்ற பியர். ஆகவே தேட வேண்டியது வாயுவை அன்று, வெப்பத்தை. இரண்டாவது குவளையில் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 5 பாகைக்கு மேல் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கடையிலிருந்து காரில் குலுங்கி வந்த பீப்பாயை ஒருநாள் முழுவதும் குளிரில் அசையாமல் வைக்க வேண்டும். விருந்தினர் வாசலில் நிற்கும்போது செருகிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. குழாயை முழுதாகத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் இடுக்கு வழியே பீறிட்டு நுரைக்கும்.

குளிரைத் தேடி மனிதர் பட்ட பாடு தனிக் கதை. ஜேர்மனிய வடிசாலைகள் குளிர்கால ஏரிகளிலிருந்து பனிக்கட்டி வெட்டிச் சேமித்தன. 1870களில் மியூனிக் நகரின் ஸ்பாற்றன் வடிசாலையில்தான் கார்ல் லிண்டே தமது குளிரூட்டும் இயந்திரத்தைப் பரிசோதித்தார். நமது நாட்டிலும் 1881இல் தொடங்கிய வடிசாலை கொழும்பில் அன்றி நுவரெலியாவில் அமைந்தது. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தின் குளிரும் மலைநீரும் அதற்குத் துணைநின்றன.

பியரை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சிகளுள் நகைப்புக்கிடமானது, 1968இல் இங்கிலாந்தில் வற்னீஸ் நிறுவனம் வெளியிட்ட ஏழு பைந்து தகர டப்பா. குழாய் கிடையாது. சுத்தியலும் திருப்புளியுமாகத் துளைத்தார்கள். பியர் கூரைவரை பாய்ந்தது. வாயு அமுக்கத்தால் தள்ளப்படும் இத்தகைய பியரை வெறுத்தவர்கள் 1971இல் கூடி, பழைய பீப்பாய் முறையைக் காக்க ‘கம்ரா’ இயக்கத்தைத் தொடங்கினர். அவர்களது பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாயுவின்மீது அவர்கள் கொண்ட பகை சற்று மிகையானது. 1959இல் கின்னஸ் நிறுவனத்தில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் நைதரசனைக் கலந்து பாலாடை போன்ற நுரையை உருவாக்கினார். இன்று பலரும் விரும்புவது அந்த நுரையையே. 2004இல் பிலிப்ஸ், குறுப்ஸ் ஆகியவற்றின் பெயர் தாங்கிய மேசை இயந்திரங்கள் வந்தபோது, குளிரும் அமுக்கமும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.

அடங்காதது அழுக்கு. பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று பஸ்ரர் 1876இல் தமது பியர் ஆய்வு நூலில் விளக்கினார். பியர் வினாகிரி போலப் புளித்தாலோ வெண்ணெய் போல மணத்தாலோ பீப்பாயைக் குறைகூறுமுன் குழாயின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே மதுவமும் பற்றீரியாவும் படலமாகக் குடியிருக்கும். இரு வாரங்களுக்கு ஒருமுறை, இதற்கென விற்கும் காரத் திரவத்தை ஓடவிட்டு நல்ல நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பலரும் இதைச் செய்வதில்லை. நுரையே நிற்காமல் உடனே மறைந்தால் குற்றம் குவளையில். எண்ணெய்ப்பசை நுரையைக் கொன்றுவிடும்.

சிலிண்டர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஒரு கிலோ திரவக் காபனீரொட்சைட்டு வெளியேறினால் 500 லீற்றருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். இரண்டு கிலோ சிலிண்டர் ஒன்று, இரண்டு மீற்றர் நீள அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட மூடிய களஞ்சிய அறையில் முழுதாகக் கசிந்தால், அறைக் காற்றில் பத்தில் ஒரு பங்கு அதுவாகிவிடும். அந்த அளவு சில நிமிடங்களில் ஆளை மயக்கமுறச் செய்யும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடப் பாரமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். வடிசாலைத் தொழிலாளர் தொட்டிக்குள் இறங்குமுன் மெழுகுதிரி இறக்கிப் பார்த்த காலம் இருந்தது. அதை இன்று நம்ப வேண்டாம்: திரி அணையாத அளவிலேயே மனிதனுக்கு ஆபத்து ஏற்பட்டுவிடும். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். நிலவறையில் வைப்பவர்கள் இந்த வாயுவுக்கென்றே உள்ள எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துங்கள். வீடுகளில் சாதாரணமாக மாட்டும் காபனோரொட்சைட்டுக் கருவி இதனைக் கண்டுகொள்ளாது.