மேலேறும் புனல்

சூளூர்பேட்டையில் குடியேறி வாழும் தமிழர் ஒருவர் மாலையில் விளக்கேற்றுகின்றார். அவ்விளக்கிற்குரிய மின்சாரம் எந்த ஊரில் பிறந்தது என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது இவ்வூர் சென்னை இராச்சியத்தினின்றும் பிரிந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. மின்கம்பிகளோ எல்லைக் கற்களைப் பொருட்படுத்துவதில்லை. சூளூர்பேட்டைக்கும் கோயம்புத்தூருக்கும் விநாடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே துடிப்புத்தான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு ஏனைய தொகுப்புகளோடு இணைந்தபின், நாடு முழுவதற்குமே அத்துடிப்பு ஒன்றாயிற்று.

அத்துடிப்பைக் காப்பது எளிதன்று. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். மின்சாரத்தை அவ்வாறு கொட்டி வைக்க இயலாது. ஆக்கிய கணத்திலேயே அது செலவாக வேண்டும். தேவை மிகுந்தால் துடிப்புத் தளரும். ஆக்கம் மிகுந்தால் விரையும். ஊர் உறங்கும் நள்ளிரவிலும் அனல் நிலையத்துக் கொதிகலனை நினைத்தவுடன் அணைத்துவிட முடியாது. அவ்வேளையில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தாழ்ந்த ஏரியின் நீரை உயர்ந்த ஏரிக்கு ஏற்றுவதும், மாலையில் அந்நீரையே இறக்கி மின்சாரம் பெறுவதும் 1890-களிலேயே சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் தோன்றிய முறையாகும். தொடக்கத்தில் ஏற்றுவதற்கு ஒரு பொறியும் இறக்குவதற்கு வேறொரு பொறியும் இருந்தன. பின்னர் ஒரே சக்கரம் ஒரு திசையில் சுழன்று மின்சாரம் ஆக்கவும், எதிர்த்திசையில் சுழன்று நீரை ஏற்றவும் வழி கண்டனர்.

இதனைச் 'சேமிப்பு' என்று மொழிபெயர்ப்பது எனக்கு முழுதும் உடன்பாடன்று. சேமித்த பொருள் வட்டியோடு மீளவேண்டும். இங்கோ 100 யூனிட் செலவிட்டால் 75 முதல் 80 யூனிட் வரையே மீளும். எனினும், நள்ளிரவில் வேண்டுவாரற்றுக் கிடக்கும் நூறினும், மாலையில் கிட்டும் எழுபத்தைந்து பெறுமதி மிக்கது.

ஆந்திரத்தில் இம்முறை கண்ட சோதனை கருதத்தக்கது. 1955 டிசம்பர் 10 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டிய நாகார்ஜுனசாகர் அணையில், 1980 முதல் 1985 வரை 100.8 மெகாவாட் திறனுடைய இருதிசைப் பொறிகள் ஏழு அமைந்தன. மேலே கடல் போன்ற நீர்த்தேக்கம் இருந்தது. ஆனால் இறங்கிய நீரைப் பிடித்து வைக்கக் கீழே தேக்கம் இல்லை! அதற்குரிய கீழணை 2010-களில்தான் எழுந்தது. அதுகாறும் ஏற்றும் ஆற்றல் படைத்த பொறிகள் இறக்கும் தொழில் மட்டுமே செய்தன. மின்சாரத்துக்காகத் திறந்த கிருஷ்ணை நீர் திரும்பவில்லை. அத்தகைய ஆற்றில் நீர் திறப்பது எளிதில் பூசலாகிவிடும். 2021-இல் தெலங்கானா மின்னாக்கத்துக்கு நீர் திறந்தபோது, பாசனத்துக்குரிய நீர் கடலில் வீணாகின்றதென ஆந்திர அரசு முறையிட்டது. கீழே ஒரு தேக்கத்தைக் காலத்தில் கட்டாமை எத்துணைப் பெரிய குறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டின் கடம்பாறைக்கு அக்குறை நேரவில்லை. ஆனைமலைத் தொடரில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்கீழ் மேல் ஆழியாறு நீர்த்தேக்கம் முன்னரே அமைந்திருந்தது. அதற்கு மேலே கடம்பாறைத் தேக்கத்தைக் கட்டி, மலையைக் குடைந்து நிலத்தடியில் மின்நிலையத்தை நிறுவினர். 1987 முதல் 1989 வரை, 100 மெகாவாட் பொறிகள் நான்கு இயங்கத் தொடங்கின. நெய்வேலி, எண்ணூர், தூத்துக்குடி அனல் நிலையங்களின் இரவு மிச்சம் அக்காலத்தில் நீரை மலையேற்ற உதவியது. இன்றோ காற்றாலைகளும் கதிரவன் ஒளியும் பெருகிவிட்டன. மிச்சம் நண்பகலிலும் விழுகின்றது. ஆகவே நீர் ஏறும் வேளை இரவினின்றும் பகலுக்கு நகர்ந்து வருகின்றது.

ஆந்திரத்துப் பின்னாபுரத்தில் 2022-இல் அடிக்கல் நாட்டிய 1,680 மெகாவாட் திட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. ஆற்றை மறிக்காமல், விலகி நிற்கும் மேட்டு நிலத்தில் இரண்டு தேக்கங்கள். ஒருமுறை நிரப்பிய நீரே அவற்றினிடையே ஏறி இறங்கும். வெயிலில் ஆவியாகும் அளவை மட்டும் அவ்வப்போது வார்த்துக்கொள்வர்.