நீலகிரி ஓடைகளும் பூச்சித்தூண்டிலும்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் இயற்கையறிஞராகப் பணியாற்றிய லெசனோ, 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்குச் சென்றார். புதுவையிலிருந்து அவர் அனுப்பிய மீன்கள், கூவியே, வலான்சியென் என்னும் இருவர் பாரிசில் 1828 முதல் வெளியிட்ட பெருநூலில் இடம்பெற்றன. தமிழகத்து மீன் ஐரோப்பா சென்ற வரலாறு இது. அரை நூற்றாண்டு கழியுமுன் இதற்கு மறுதலையான முயற்சியொன்று அம்மலையிலேயே நிகழ்ந்தது. 1863இல் பிரான்சிசு டே என்பார் இங்கிலாந்தினின்று டிரவுட் மீனின் முட்டைகளைக் கொணர முயன்றார், அம்முயற்சி பயன்தரவில்லை. இந்திய மீன்களைப் பற்றிப் பின்னர்ப் பேரேடு வகுத்தவரும் இவரே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மலைநிலத் தூண்டிலின் வரலாற்றை 1863இலிருந்து தொடங்குவோமாயின், இருவேறு வரலாறுகள் ஒன்றெனக் குழம்பிவிடும். தூண்டில் தமிழர்க்குப் பழையது. குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், காட்டியானை வளைத்துக் கைவிட்ட பசுமூங்கில் மேலெழுதலுக்கு, மீனைக் கவர்ந்த தூண்டிற்கோல் மேலெழுதல் உவமையாயிற்று. அவ்வுவமையாற் புலவர் மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். பாட்டோ குறிஞ்சித்திணையது. மூங்கிற்கோலின் துள்ளலை உற்று நோக்கியவரே இவ்வாறு பாடவியலும் என்பது எம் துணிபு.

புதிதாக வந்தவை இரண்டே: பூச்சித்தூண்டிலும் அதற்குரிய மீனும். இறகும் நூலும் கொண்டு சிறுபூச்சிபோற் கட்டிய முள்ளை நீர்மேல் மெல்ல வீழ்த்துதல் பூச்சித்தூண்டில் முறையாகும். பூச்சிக்கு எடையின்மையின், கனத்த கயிறே அதனை ஏந்திச் செல்லும். ஓடையில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலின், சிற்றோடையிற் பிடிப்போர் கீழ்ப்புறமிருந்தே அணுகுவர்.

1907இல் எச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஆயினும் நீலகிரியில் நிலைபெற்றது பழுப்பு டிரவுட் அன்று. வெம்மையைச் சற்று மிகுதியாகத் தாங்கும் வானவில் டிரவுட்டே. இலங்கையின் நுவரெலியாவிலும் 1882இல் பழுப்பு டிரவுட் கொணரப்பட்டது; அங்கும் பின்னர் வந்த வானவில் டிரவுட்டே ஓங்கியது. 1900இல் காசுமீரத்திற்குக் கொண்டுசென்ற பழுப்பு டிரவுட்டோ, பனியுருகிப் பாயும் ஆறுகளில் வேரூன்றி இன்றும் வாழ்கின்றது. ஆகவே, வெற்றி தோல்விகளை வகுத்தது கொணர்ந்தோரின் ஊக்கமன்று. நீரின் தட்பமே என்று கொள்ளலாம்.

இதனாற் பெறப்படுவது யாது? மலையோடைகளை வெற்றிடமெனக் கருதியே அயல்மீன் இடப்பட்டது. ஆனால் அந்நீரில் முன்னரே சிறுமீன்கள் வாழ்ந்தன. அவற்றைப் பிடித்த மக்களும் அவற்றிற்கிட்ட பெயர்களும் இருந்தன. டிரவுட் வந்த நாளுக்குப் பதிவு உண்டு. அச்சிறுமீன்களின் பெயர்களோ மலைவாழ் மக்களின் நாவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. அவை மறையுமுன் அவற்றைத் தொகுத்தல் தமிழாய்வார் கடனாம்.