வாரியம்

தமிழ்நாட்டில் மின்வாரியம், பதுளையில் மின்சார சபை. ‘வாரியம்’ என்ற சொல் நம் நாட்டு அலுவலகத் தமிழில் வேரூன்றவில்லை.

சொல் பழையது. உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921), ஓராண்டுப் பொறுப்புக்குக் குடவோலையால் ஆள் எடுத்த முறையைச் சொல்கிறது. சம்வத்சர வாரியத்துக்குப் 12 பேர், தோட்ட வாரியத்துக்குப் 12, ஏரி வாரியத்துக்கு 6. ஊர் ஏரியைக் கவனிப்பது இந்த ஆறு பேரின் வேலை. வாரி என்றால் நீர், அதிலிருந்தே வாரியம் என்று சிலர் வழி காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே கல்வெட்டில் பொன்னை மாற்றுப் பார்க்கப் பொன் வாரியமும் இருக்கிறதே! மேற்பார்வை, மேற்பார்வைக் குழு என்பதே பொருந்தும் பொருள்.

தோட்ட வாரியம் என்றதும் பசறைக்காரருக்குத் தேயிலை நினைவு வரலாம். கல்வெட்டில் தோட்டம் என்றது பூந்தோட்டம், பழத்தோட்டம் போன்றவற்றை. நம் தோட்டங்களில் ஏரி ஏது? பீலிதான். அதற்குக் குழாய் போடுவதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவிட முடியாதென்றே சொல்லிவந்தார்கள்; 2018இல்தான் திருத்தம் வந்தது.

மகியங்கனைப் பக்கத்து வயற்காட்டில் நிலைமை வேறு. அங்கே சிறுகுளங்களைப் பார்ப்பவை கமக்காரர் அமைப்புகள். பழைய ஏரி வாரியத்துக்குக் கிட்டத்தட்ட நேர் இன்றைய பெயர் அதுதான்.