கழகத்தின் கணக்கும் ஆட்டக்காரரின் வயதும்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் ஒரு செய்தியாளர் கூட்டம் நடந்தது. பேச வந்த லயனல் மெஸ்ஸி, பேச்சைத் தொடங்கும் முன்னரே அழுதுவிட்டார். 13 வயதுச் சிறுவனாக அந்நகரின் கால்பந்தாட்டக் கழகத்துக்கு வந்தவர் அவர். 778 ஆட்டங்களில் ஆடி, 672 கோல்களை அதற்கு ஈட்டித் தந்தவர். ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் இசைந்திருந்தார். அப்படியிருந்தும் கழகத்தால் அவரை வைத்துக்கொள்ள இயலவில்லை.

இவ்வளவு புகழ்பெற்ற ஒருவரைக் கழகம் ஏன் விட்டுவிடுகிறது? நன்றி கெட்டதனம் என்று சிலர் சொல்வர். வயதாகிவிட்டது என்று வேறு சிலர் சொல்வர். உண்மையில் இதில் மூன்று கணக்குகள் அடங்கியுள்ளன. முதலாவது, மனித உடலின் கணக்கு. இரண்டாவது, கழகத்தின் வரவுசெலவுக் கணக்கு. மூன்றாவது, அந்தந்தக் காலத்துச் சட்டமும் விதிகளும் வகுத்த கணக்கு. இவை எங்கே சரியாக வருகின்றன, எங்கே பிழையாகின்றன என்பதை வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

உடல் சொல்லும் கணக்கு

நம் தசைகளில் இருவகை நார்கள் உள்ளன. ஒருவகை விரைந்து சுருங்கும். ஆனால் விரைவில் களைத்துப்போகும். மற்றது மெதுவாகச் சுருங்கும், நெடுநேரம் உழைக்கும். நின்ற இடத்திலிருந்து பாய்ந்து ஓடுவதற்கும், உயரத் தாவுவதற்கும் முதல்வகை நார்களே வேண்டும். வயது ஏறும்போது முதலில் மெலிவனவும் இவையே. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவும் முப்பதை ஒட்டிக் குறையத் தொடங்குகிறது. பயிற்சியை விடாதவர்களுக்கு இக்குறைவு மெதுவாக நேர்கிறது. ஆனால் அறவே நிற்பதில்லை. காயம் ஆறுவதற்கும் களைப்புத் தீர்வதற்கும் கூடுதல் நாட்கள் ஆகின்றன.

ஆனால் கால்பந்தாட்டம் ஓட்டப்பந்தயம் அன்று. பந்து எங்கே வரும், எதிராளி எப்பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே உணரும் திறன் அனுபவத்தால் வளர்கிறது. இலக்குக் காவலருக்கு நெடுந்தூரம் ஓடும் வேலை இல்லை. இத்தாலியின் டினோ சோஃப் 1982-இல் தம் 40-ஆம் வயதில் அணித்தலைவராக உலகக் கோப்பையைப் பெற்றதை இங்கே நினைவுகூரலாம். ஆகவே "முப்பது கடந்தால் முடிந்தது" என்பது பொதுவிதியாகாது. யார், எந்த இடத்தில், எந்தத் திறமையைக் கொண்டு ஆடுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

32 வயதில் விற்கப்பட்டவர்

இனி, இங்கிலாந்துக்குச் செல்வோம். ஸ்டோக் நகரில் 1915-இல் பிறந்தவர் ஸ்டான்லி மாத்யூஸ். தந்தை முடிதிருத்தும் தொழிலாளர், குத்துச்சண்டை வீரரும்கூட. அவரிடம் கற்ற காலை உடற்பயிற்சியை மாத்யூஸ் பிற்காலத்திலும் விடவில்லை. புகைபிடிக்கும் பழக்கமோ மதுப்பழக்கமோ அவருக்கு இல்லை. 17 வயதில் ஸ்டோக் சிட்டி கழகத்துக்காக ஆடத் தொடங்கி, வலப்புற முன்னணி ஆட்டக்காரராகப் பெரும்புகழ் பெற்றார். 1938-இல் அவர் கழகத்தை விட்டுப்போக விரும்பியபோது, அவரைப் போகவிடக்கூடாது என்று ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கூட்டம் நடத்தினார்கள்!

பிறகு போர் வந்தது. அவருடைய வாழ்வின் சிறந்த ஆண்டுகளில் ஆறு போருக்குப் போயின. போர் முடிந்தபின் அவருக்கும் மேலாளருக்கும் ஒத்துப்போகவில்லை. 1947 மே திங்களில், ஆட்டப்பருவம் முடியச் சில ஆட்டங்களே இருந்த நிலையில், ஸ்டோக் சிட்டி அவரை 11,500 பவுனுக்குப் பிளாக்பூல் கழகத்துக்கு விற்றது. அவருக்கு அப்போது வயது 32. அப்பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றிருந்தால் ஸ்டோக் சிட்டி நாட்டின் முதலிடத்தைப் பிடித்திருக்கும். அதில் 2-1 என்று தோற்று, நான்காம் இடத்தோடு நின்றது.

32 வயதுக்காரர் இன்னும் எத்தனை ஆண்டு ஆடிவிடப் போகிறார் என்றே அன்று எவரும் எண்ணியிருப்பர். 1953-இல், 38 வயதில், கால்பந்தாட்டச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மாத்யூஸ் இறங்கினார். 1-3 என்று பின்தங்கியிருந்த பிளாக்பூல், போல்ட்டன் அணியை 4-3 என்று வென்றது. அவருடைய சக ஆட்டக்காரர் மார்ட்டென்சன் மூன்று கோல்கள் அடித்தும், அது இன்றுவரை "மாத்யூஸின் இறுதி ஆட்டம்" என்றே வழங்குகிறது. 1956-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவரும் 41 வயது மாத்யூஸே.

பிடித்துவைக்கும் விதி

மாத்யூஸை விற்றதால் ஸ்டோக் சிட்டிக்கு ஊதியச் செலவு பெரிதாக மிஞ்சியிருக்குமா? இல்லை. அக்காலத்தில் ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1901-இல் வாரம் 4 பவுன் என்று தொடங்கிய வரம்பு, 1947-இல் உயர்த்தப்பட்ட பிறகும் ஆட்டப்பருவத்தில் வாரம் 12 பவுனாகவே இருந்தது. நாட்டிலேயே புகழ்மிக்கவரானாலும் அதற்குமேல் ஊதியம் தர விதி இல்லை. ஆனால் கழகத்துக்குக் கிடைத்த விலை 11,500 பவுன். வாரம் 12 பவுன் கணக்கில், அது 18 ஆண்டு ஊதியத்துக்கும் மேல்!

இந்த விலை எப்படி வந்தது? 1890-களில் ஏற்பட்ட ஒரு விதியே காரணம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் இசைந்தாலொழிய அவர் வேறு கழகத்தில் ஆட முடியாது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு விலை பேசுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வயது ஏற ஏற விலை இறங்கும். ஆகவே பல் விழும் முன் விற்றுவிடுவார்கள். அன்றைய கழகங்களும் அப்படியே கணக்கிட்டன.

ஆட்டக்காரர்களின் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்தபின், 1961 சனவரியில் ஊதிய வரம்பு ஒழிந்தது. விரைவிலேயே ஃபுல்லம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் பெற்றார். ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரை இவ்வாறு பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமைக்குத் தகாத தடை என்று 1963-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "விலை உயர்ந்த மூத்த ஆட்டக்காரர்" என்ற சிக்கலின் வித்து இங்கேதான் முளைத்தது.

விடாமல் வைத்திருந்தால்?

கழகத்தின் பக்கம் நியாயமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. லிவர்பூல் கழகத்தின் மேலாளர் பில் ஷாங்க்லி 1960-களில் ஒரு பேரணியை உருவாக்கினார். அவ்வணி 1964-லும் 1966-லும் நாட்டின் முதலிடத்தையும், 1965-இல் சங்கக் கோப்பையையும் வென்றது. ஷாங்க்லி தம் ஆட்டக்காரர்களிடம் பற்று மிகுந்தவர். அந்த அணியைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆண்டுகள் ஓடின, கோப்பை ஒன்றும் வரவில்லை. 1970 பிப்ரவரியில், இரண்டாம் பிரிவைச் சேர்ந்த வாட்ஃபோர்டு அணியிடம் கோப்பை ஆட்டத்தில் 1-0 என்று லிவர்பூல் தோற்றது. அதன்பிறகே அவர் துணிந்தார். லாரன்ஸ், செயின்ட் ஜான், யேட்ஸ் ஆகிய பழைய தூண்கள் ஒவ்வொன்றாக விலக, கிளெமன்ஸ், கீகன் போன்ற இளைஞர்கள் வந்தார்கள். 1973-இல் நாட்டின் முதலிடமும் ஒரு ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தன. இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள்.

போஸ்மன் வழக்கும் அதன் பின்னும்

பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். 1990-இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்றில் சேர விரும்பினார். பழைய கழகமோ விலை கேட்டு அவரை விட மறுத்தது. ஐந்தாண்டு வழக்குக்குப்பின், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்தபின் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே கழகம் மாறும் ஒன்றிய நாட்டவருக்கு விலை கேட்கக்கூடாது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். விலையாகச் செலவாகும் பணம் மிச்சமாவதால், புதிய கழகம் அதை ஊதியமாகவே தரலாம். பழைய கழகம் தன் நட்சத்திர ஆட்டக்காரரை இழக்க விரும்பாவிட்டால், ஒப்பந்தம் முடியுமுன் ஊதியத்தை உயர்த்திப் புதுப்பிக்கவேண்டும். இப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஓர் ஆட்டக்காரரின் ஊதியம் உச்சத்தை அடைவது பெரும்பாலும் முப்பதை ஒட்டித்தான். உடலின் வேகம் இறங்கத் தொடங்குவதும் அப்போதே. ஊதியம் நேற்றைய ஆட்டத்துக்காக நிர்ணயிக்கப்படுகிறது. ஆட வேண்டியதோ நாளைய ஆட்டம்.

கழகத்தின் கணக்கேட்டையும் சிறிது புரட்டுவோம். 25 வயதுக்காரர் ஒருவரை 5 கோடி யூரோவுக்கு வாங்கி, ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்வதாகக் கொள்வோம். ஏட்டில் ஆண்டுக்கு 1 கோடி வீதம் அவருடைய விலை செலவாக எழுதப்படும். மூன்றாண்டு கழித்து எஞ்சிய மதிப்பு 2 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் ஏட்டில் 2 கோடி ஆதாயம். அவரையே 33 வயதுவரை வைத்திருந்தால் வாங்குவார் இருக்கமாட்டார். உயர்ந்த ஊதியம் மட்டும் தொடரும். எனவேதான், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே விற்கும் வழக்கம் பரவியது.

இக்கணக்கு சில கழகங்களில் எழுதப்படாத சட்டமாகவே ஆகிவிட்டது. இத்தாலியின் மிலான் கழகம் முப்பது கடந்தவர்களுக்கு ஓராண்டுக்குமேல் ஒப்பந்தம் தரத் தயங்கியது. அதனால் 2011-இல் 32 வயது ஆண்ட்ரியா பிர்லோ, விலை எதுவும் இல்லாமல் யுவென்டஸ் கழகத்துக்குப் போனார். அடுத்த நான்கு ஆண்டுகளும் இத்தாலியில் முதலிடம் யுவென்டஸுக்கே! பிர்லோவின் செல்வம் கால்களின் வேகமன்று. பந்தை எங்கே அனுப்புவது என்று அறியும் கண். வயது அதைத் தொடவில்லை.

பார்சிலோனாவில் நடந்தது

இப்போது மெஸ்ஸியிடம் திரும்புவோம். விலகுமுன் ஆடிய 2020-21 பருவத்தில் 30 கோல்களுடன் ஸ்பெயினில் மிகுதியான கோல்களை அடித்தவர் அவரே. உடலின் கணக்கு அவருக்கு எதிராக இருக்கவில்லை. எதிராக இருந்தவை மற்ற இரண்டும். 2017-இல் அவர் செய்த நான்காண்டு ஒப்பந்தம் 55 கோடி யூரோவுக்கு மேல் எட்டக்கூடியது என்று ஸ்பெயின் நாளிதழ் ஒன்று பின்னாளில் வெளியிட்டது. மற்ற ஆட்டக்காரர்களுக்கும் பெரும் ஊதியம். இந்நிலையில் கொரோனாத் தொற்றால் அரங்குகள் வெறிச்சோடின, வருமானம் வீழ்ந்தது. கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவர் லப்போர்ட்டா அறிவித்தார். மெஸ்ஸியை வைத்துக்கொண்டால் ஊதியச் செலவு வருமானத்தில் 110 விழுக்காடு ஆகும். அவர் இல்லாவிட்டாலும் 95 விழுக்காடு என்றும் சொன்னார்.

ஸ்பெயின் கழகங்களின் கூட்டமைப்பு ஒவ்வொரு கழகத்துக்கும் செலவு வரம்பு விதிக்கிறது. 1901-இல் இங்கிலாந்தில் வரம்பு ஆட்டக்காரரின் தலைமேல் இருந்தது. இங்கே அது கழகத்தின் தலைமேல் இருக்கிறது. அவ்வரம்புக்குள் மெஸ்ஸியைப் பதிவு செய்ய வழி இல்லை. பல ஆண்டுகள் ஊதாரித்தனமாக நடந்த கழகத்தின் தவறுக்கு, அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விலையானார்.

2021-22 பருவத்தில் பார்சிலோனா ஒரு கோப்பையும் பெறவில்லை. 2022 டிசம்பரில், 35 வயதில், மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். அடுத்த ஆண்டே, அவர் இல்லாமல் பார்சிலோனா ஸ்பெயினில் முதலிடம் பெற்றதும் உண்மை.

சராசரியும் தனி மனிதரும்

மாத்யூஸையும் பிர்லோவையும் மட்டும் பார்த்தால், மூத்தவரை விடுவது எப்போதும் தவறு என்று தோன்றும். அங்கே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 32 வயதில் விடப்பட்டு, அதன்பின் சோபிக்காமல் போன பலரின் பெயர்கள் நம் நினைவில் இல்லை. நினைவில் நிற்பவர்கள் விதிவிலக்கானவர்களே. ஆகவே பொதுவாகப் பார்க்கையில் கழகத்தின் கணக்கு சரியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

மறுபக்கமும் உண்டு. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் உண்மை. ஆடிய எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி, 34 வயதிலும் முன்வரிசையில் நிற்கும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சமே சொல்லும். அந்த வயதிலும் அவர் அங்கே நிற்பதே, அவர் சராசரி ஆள் அல்லர் என்பதற்குச் சான்றாகும். அவருடைய உடலையும் திறமையின் வகையையும் தனியே ஆராயாமல் பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால், கணக்கு பிழைபடும்.

இதை உணர்ந்த ஒருவர் 1961-இல் இருந்தார். ஸ்டோக் சிட்டி அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. அரங்கில் கூட்டமும் குறைவு. அதன் மேலாளர் டோனி வாடிங்டன், 46 வயது மாத்யூஸை 3,500 பவுன் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அவர் ஆடவந்த முதல் நாள் அரங்குக்கு ஏறக்குறைய 36,000 பேர் வந்தார்கள். அதற்கு முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! 1963-இல் கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. மாத்யூஸ் தம் கடைசிப் பிரிவு ஆட்டத்தை 1965 பிப்ரவரி 6 அன்று ஆடினார். அவருக்கு 50 வயது நிறைந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன.

இனி, புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரரைக் கழகம் விலக்கியது என்ற செய்தியைப் படிக்கும்போது, அவருடைய வயதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று கணக்குகளில் எது அவரை வெளியேற்றியது என்று கேளுங்கள். உடல் என்றால், அது இயற்கை. விதி என்றால், அது மனிதர் வகுத்தது. 1961-லும் 1995-லும் மாறியதுபோல் இனியும் மாறக்கூடும். கழகத்தின் ஏடு என்றால், அதில் பிழை செய்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும், கண்ணீரோடு வெளியேறுபவராக அவர் இருக்கமாட்டார்.