பெயர் சிறுநீரகத்தில், பணி கண்ணில்

பள்ளி உயிரியலில் 'பௌமானின் கிண்ணம்' என்று படித்திருப்போம். அந்தப் பௌமான் விக்டோரியா காலத்து லண்டனின் முதன்மையான கண் அறுவை மருத்துவர் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன்.

1816-இல் இங்கிலாந்தின் நான்ட்விச்சில் பிறந்த வில்லியம் பௌமான், சிறுநீரக நுண்ணமைப்பு குறித்த ஆய்வுரைக்காக 1842-இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 26. 1846-இல் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் சேர்ந்தார். அத்துடன் ஆய்வாளர் பௌமானின் கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் அது பிழை. மறு ஆண்டே கண் அறுவைக்கு வேண்டிய உறுப்பமைப்பு குறித்து அங்கு அவர் ஆற்றிய உரைகள் நுண்ணோக்கியில் கண்டவற்றின் மேல் எழுந்தவை. கார்னியாவின் ஓர் அடுக்கும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

எனினும் அவரது பெரும்பணி பெயர் தாங்காதது என்பேன். 1851-இல் பெர்லினின் கிரேஃபேயும் உட்ரெக்ட்டின் டான்டர்ஸும் லண்டனில் அவருக்கு நண்பராயினர். கடுமையான கிளாக்கோமா பார்வையைப் பறித்தே தீரும் என்றிருந்த காலத்தில், ஐரிஸின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் கண்ணழுத்தம் தணியும் என்று 1857-இல் கிரேஃபே அறிவித்தார். இங்கிலாந்தில் பலர் ஐயுற்றனர். பௌமானோ அந்த அறுவையைத் தாமே செய்து, அதற்காக வாதாடினார். பிறர் கண்டுபிடிப்புக்காகத் தம் நற்பெயரைப் பணயம் வைப்பதை நம் அறிவியல் வரலாறுகள் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடனிருந்தோர் சேர்த்தனர். பார்வைக் குறைபாடுகள் குறித்த தம் பெருநூலை 1864-இல் டான்டர்ஸ் பௌமானுக்கே காணிக்கையாக்கினார்.