தலைமுறையும் சொல்லும்

பேரன் பேச்சைக் கேட்டுப் பாட்டனார் முகஞ்சுளிப்பது இன்று தோன்றிய வழக்கன்று. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வளர்ந்த இளைஞர் ‘பிரசங்கம்’ என்பதைச் ‘சொற்பொழிவு’ என்றும், ‘அக்கிராசனர்’ என்பதைத் ‘தலைவர்’ என்றும், ‘நமஸ்காரம்’ என்பதை ‘வணக்கம்’ என்றும் வழங்கலாயினர். முதியோர் பலருக்கு அது செவிக்கு இன்னாததாயிற்று. பழகிய சொல்லை இழத்தல் தம் இளமையையே இழத்தல் போன்றதன்றோ? ஆயினும், அவர்கள் போற்றிய வடசொற்களும் ஒரு காலத்தில் தமிழுக்குப் புதியனவாய் வந்தவையே. காலத்தால் சொல் மாறுவது குற்றமாகாதென, 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இலக்கணமே வகுத்துள்ளார். அன்று இளைஞர் சொல்லாயிருந்த ‘வணக்கம்’ இன்று பாட்டனார் சொல்லாயிற்று; பேரனோ ‘ஹலோ’ என்கிறான். சினங்கொள்ளுமுன் இவ்வரலாற்றைச் சற்றே நினைவு கூர்வோமாக.